2147483647: ஒரு பகா எண்ணும் அதன் இரண்டு பக்கத்து எண்களும்

நிரல் எழுதுபவர்களுக்கு 2147483647 நன்றாகப் பழகிய எண். கூட்டல், கழித்தல் குறியோடு ஒரு முழு எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிரம்பும் 32 இடங்களில் சேமித்தால் அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் எண் அப்படியே கவிழ்ந்து எதிர்மறைக்குப் போய்விடும். 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய 32 பிட் கணினிக் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரப்படி அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு வந்து முட்டப் போவதும் இதே எண்ணில்தான்.

இந்தப் புகழுக்குக் கீழே மறைந்து கிடக்கும் விஷயம், இது ஒரு பகா எண் என்பது. 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. வரிசைப்படி எண்ணிப் பார்த்தால் 10,50,97,565-வது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 21 அல்லது 22-க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்பதால் இந்த இடைவெளிகளில் விசேஷம் எதுவும் இல்லை. பிட் கணக்கின் உச்சவரம்பே பகா எண்ணாகவும் அமைந்ததை ஏதோ திட்டமிட்ட ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது, அது தற்செயல்தான். 16 பிட்டுக்கான வரம்பு 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கான வரம்பும் 7-ஆல் வகுபடும். 8 பிட்டுக்கு 127, 32 பிட்டுக்கு நம் எண், 128 பிட்டுக்கு 2¹²⁷ − 1 என்று இவை மட்டும் பகா எண்கள்.

சரி, பகா எண் என்று தெரிந்தாயிற்று, அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? ஒரு பகு எண்ணைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதன் காரணிகளைப் பேசலாம். பகா எண்ணுக்கோ அந்த வழியே அடைபட்டிருக்கிறது, உள்ளே பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போல, ஒரு பகா எண்ணின் குணத்தை அதற்கு ஒன்று குறைவான எண்ணிடமும் ஒன்று அதிகமான எண்ணிடமும் விசாரிக்கலாம். அது பகா எண்தான் என்று எப்படி நிரூபிப்பது, எந்த வேலைக்கு உதவும், ரகசியக் குறியீட்டில் எவ்வளவு சுலபமாக உடையும் என்ற எல்லாவற்றுக்கும் பதில் அந்த இரண்டு எண்களின் காரணிகளில் இருக்கிறது. 2147483647-இன் விஷயத்தில் இரண்டு பேருமே வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்.

வலப்பக்கம் இருப்பது 2147483648, அதாவது 2³¹. இரண்டைத் தவிர வேறு காரணியே இல்லாத எண். இடப்பக்கம் 2147483646, இது 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. பத்து இலக்க எண் ஒன்றின் மிகப் பெரிய பகாக் காரணி வெறும் 331 என்பது சாதாரணமாக நடப்பதில்லை. இந்த எண்ணின் பாதியான 2³⁰ − 1 என்பதைப் பள்ளிக்கூட இயற்கணிதச் சூத்திரத்தாலேயே (2¹⁵ − 1) × (2¹⁵ + 1) என்று உடைத்துவிட முடிவதால் வந்த வசதி இது.

முதலில் வரலாறு. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 257 வரையிலான அடுக்குகளில் எவையெல்லாம் பகா எண்ணைத் தரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பட்டியலில் 67-ம் 257-ம் தவறாக இடம்பெற்றன, 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின, ஆனாலும் பெயர் அவருக்கே நின்றுவிட்டது. அவருக்கு முன்பே இத்தாலியின் கட்டால்டி 17, 19 இரண்டையும் முறையாகச் சோதித்து நிரூபித்திருந்தார். அதோடு நிறுத்தாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண் தரும் என்று சொல்லி வைத்தார். 23-க்கு 47 காரணி, 37-க்கு 223 காரணி என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காட்டினார், 29-க்கு 233 காரணி என்று பிறகு சுவிட்சர்லாந்தின் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். நான்கில் மூன்று தப்பு. மிச்சமிருந்தது 31.

அதைத் தீர்த்துவைத்தவரும் ஆய்லர்தான். 1772 வாக்கில் மூன்றாம் யோஹான் பெர்னூலி என்ற கணிதவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் 2147483647 பகா எண்தான் என்று அறிவித்தார். அந்தச் சமயத்தில் அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கின் மேல் வரும் மரியாதை முழுமையாகும்.

நேர்வழியில் சோதிப்பதானால் வர்க்க மூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2147483647-இன் வர்க்க மூலம் 46340-ஐத் தாண்டி, கிட்டத்தட்ட 46341. அதுவரை உள்ள பகா எண்கள் 4792. பத்து இலக்க எண்ணை 4792 முறை கையால் வகுப்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் யாரும் ஆசைப்படுகிற காரியமும் இல்லை. ஆய்லர் செய்தது வேறு. எந்த எண்கள் காரணியாக இருக்கவே முடியாது என்று முதலில் கழித்துக் கட்டினார்.

இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 2³¹ என்பது 1-க்குச் சமம். இரண்டை அடுக்கிக்கொண்டே போனால் 31-வது படியில் மீண்டும் 1 வருகிறது. 31 ஒரு பகா எண் என்பதால் இதற்கு முன்பே எங்காவது 1 வந்திருக்க வாய்ப்பில்லை, சுற்றின் நீளம் சரியாக 31. அப்புறம் ஃபெர்மாவின் சிறு தேற்றம் வருகிறது: எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு ஒன்று குறைவான அடுக்குக்கு இரண்டை உயர்த்தினால் மீதி 1. ஆகவே 31 படிச் சுற்று அந்த ‘ஒன்று குறைவான’ எண்ணுக்குள் முழுத் தடவைகளாக அடங்கியாக வேண்டும். அது இரட்டை எண் வேறு. எனவே காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 62-இன் மடங்காகத்தான் இருக்கும். பக்கத்து எண் பேசுகிறது என்று சொன்னேனே, அது காரணிகளுக்கும் பொருந்துகிறது.

ஃபெர்மாவும் ஆய்லரும் கண்டுபிடித்த பழைய காரணிகளை இதில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். 23-ஆம் அடுக்குக்கு 47, அதாவது 46 + 1. 37-ஆம் அடுக்குக்கு 223, அதாவது 74-இன் மூன்று மடங்கோடு 1. 29-ஆம் அடுக்குக்கு 233, அதாவது 58-இன் நான்கு மடங்கோடு 1.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹ என்பது 1 என்றால் 2³² என்பது 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆக அந்தக் காரணியின் கணக்கில் இரண்டுக்கு முழு எண்ணிலேயே ஒரு வர்க்க மூலம் இருக்கிறது, அது 65536. எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களில் மட்டுமே இரண்டுக்கு இப்படி வர்க்க மூலம் கிடைக்கும் என்பது தெரிந்த விஷயம். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், காரணி என்று ஒன்று இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். 46340 வரை அப்படிப்பட்ட எண்கள் 373 மட்டும். அவற்றிலும் பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 80 மிஞ்சும். 4792 வகுத்தல் 80-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஒன்றும் வகுக்கவில்லை, நிரூபணம் முடிந்தது. இதற்கப்புறம் ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் மனிதர்களுக்குத் தெரியாமலே இருந்தது.

இதோடு ஒட்டி இன்னொரு எண் வருகிறது. தன்னைத் தவிர்த்த வகுஎண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே வரும் எண்ணை நிறைவெண் என்பார்கள், 6 போல, 28 போல. ஒரு மெர்சென் பகா எண்ணை அதன் வலப்பக்கத்து எண்ணின் பாதியால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இந்த வடிவம்தான் என்று ஆய்லர் பிறகு நிரூபித்தார். நம் எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண் 2305843008139952128, வரிசையில் எட்டாவது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் எப்போதும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவை வேடிக்கைக்கு உரியவையே தவிர பயன் இல்லாதவை என்பதால் யாரும் தேடவும் மாட்டார்கள் என்று எழுதினார். பயன் இல்லை என்றால் மனிதர்கள் சும்மா இருந்துவிடுவார்கள் என்று நினைத்தாரே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பிழை. 1876-இல் எட்வார்ட் லூகாஸ் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டிவிட்டார்.

லூகாஸ் வகுத்துப் பார்க்கவே இல்லை. வலப்பக்கத்து எண்ணைப் பிடித்தார். சோதிக்கும் எண்ணோடு 1 கூட்டினால் இரண்டின் அடுக்கு வருகிறது, வேறு காரணி கிடையாது என்ற ஒரே தகவலை வைத்து ஒரு சோதனை எழுப்பலாம் என்று கண்டார். 1930-களில் அமெரிக்காவின் டெரிக் ஹென்றி லெமர் அதைச் சீராக்கினார். செய்முறை ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது. 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், மறுபடியும் வர்க்கப்படுத்து. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்தபின் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-ஐ, அதாவது 2⁵ − 1-ஐச் சோதிப்போம். மூன்று படிகள். 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8, அதிலிருந்து 62, மீதி 0. பகா எண்.

2147483647-க்கு 29 படிகள் போதும். முதல் நான்கு படிகளில் வருபவை 14, 194, 37634, 1416317954. இவை எல்லாம் நம் எண்ணைவிடச் சிறியவை என்பதால் வகுக்கும் வேலைகூட ஐந்தாவது படியில்தான் ஆரம்பம். கடைசியில் 0 வருவதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2-க்குச் சமமாக இருக்க வேண்டும் இல்லையா, எனவே 28-வது படியில் வரக்கூடியவை இரண்டே எண்கள்: ஆய்லரின் வடிகட்டியில் பார்த்த அதே 65536, அல்லது அதன் எதிர்மறையான 2147418111.

வகுப்பதும் இங்கே பெரிய பாடு இல்லை. இந்தக் கணக்கில் 2³¹-உம் 1-உம் ஒன்றுதான் என்பதால், பெரிய எண் ஒன்றை இரும வடிவத்தில் எழுதி 31 பிட்டுகளுக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியை வெட்டிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும், மீதி கிடைத்துவிடும். இலக்கங்களைக் கூட்டி 9-இன் மீதி காண்பதும் இதே தந்திரம்தான், அங்கே 10-உம் 1-உம் ஒன்று. இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, அதை உறுதிசெய்ததும் இந்த லூகாஸ்–லெமர் சோதனைதான். பகா எண் சாதனைப் பட்டியலில் மெர்சென் எண்களே பெரும்பாலும் முன்னால் நிற்பதற்குக் காரணம் அவை அதிகம் கிடைப்பதல்ல, அவற்றின் வலப்பக்கத்து எண் இவ்வளவு எளிமையாக இருப்பது.

இனி இடப்பக்கம். ஏதாவது ஓர் எண்ணை எடுத்து அதை அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் பகா எண்ணால் வகுத்த மீதியை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் எப்போதாவது 1 வந்து சுற்று மூடும். 7 என்ற பகா எண்ணில் பாருங்கள். 2-ஐ எடுத்தால் 2, 4, 1 என்று மூன்றிலேயே சுற்று முடிந்துவிடும். 3-ஐ எடுத்தால் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறு எண்களையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 2147483647-இல் இரண்டின் சுற்று 31-இலேயே முடிந்துவிடும் என்று மேலேயே பார்த்தோம், கோடிக்கணக்கில் இடம் இருந்தும் 31-ஐத் தாண்டாத சோம்பேறி எண் அது. எல்லா எண்களையும் தொட்டுவிட்டு வரும் எண்களில் மிகச் சிறியது 7. அதன் சுற்றில் 2147483646 எண்களும் ஒவ்வொரு முறை வரும்.

இது எங்கே பயன்படும் என்றால், கணினியில் ரேண்டம் எண்கள் உருவாக்க. ஓர் எண்ணைத் தொடக்கமாக வைத்து, நிலையான ஒரு பெருக்கியால் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் வரும் வரிசை குலுக்கிப் போட்டது போலத் தெரியும். இந்த முறையை முன்வைத்தவரும் அதே லெமர், வலப்பக்கத்து எண்ணில் சோதனை செய்த கையோடு இடப்பக்கத்தையும் ஒரு கை பார்த்துவிட்டார். 7-ஐயே பெருக்கியாக வைத்தால் சிறிய எண்களுக்குப் பின் சிறிய எண்களே வந்து வேஷம் கலைந்துவிடும். பெரிய பெருக்கி வேண்டும், சுற்றும் முழு நீளமாக இருக்க வேண்டும். 7-இன் எந்த அடுக்கை எடுக்கலாம்? இடப்பக்கத்து எண்ணின் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. இவற்றில் எதுவும் அடுக்கை மீதியில்லாமல் வகுக்கக் கூடாது, வகுத்தால் சுற்று அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டாம் அடுக்கு ஆகாது, மூன்றாம் அடுக்கு ஆகாது, நான்காவதும் ஆகாது. ஐந்து பட்டியலில் இல்லை. 7⁵ = 16807. 1969-இல் ஐபிஎம் சிஸ்டம் 360 கணினிகளுக்கு இந்தப் பெருக்கியைப் பரிந்துரைத்தார்கள், 1988-இல் பார்க், மில்லர் இருவரும் எழுதிய கட்டுரை இதைக் குறைந்தபட்சத் தரம் என்று நிறுத்தியது, இன்றும் சி++ மொழியின் நூலகத்தில் இது இருக்கிறது. 1-இல் தொடங்கினால் பத்தாயிரமாவது எண் 1043618065 வர வேண்டும், நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இதுவே வழி. புதிய வேலைகளுக்கு இதைத் தொடாமல் இருப்பது நல்லது, 214 கோடி நீளச் சுற்று இன்றைய கணினிக்குச் சில நொடி வேலை.

ரகசியக் குறியீட்டில் இதே நல்ல குணம் கெட்ட குணமாகிவிடுகிறது. 7-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இந்த மீதி வரும் என்ற கேள்வி, பெரிய பகா எண்களில் விடை காணவே முடியாதபடி கடினமானது, சாவிப் பரிமாற்ற முறைகள் பலவும் அந்தக் கடினத்தை நம்பியே நிற்கின்றன. ஆனால் இடப்பக்கத்து எண் சிறு காரணிகளாக உடைந்தால், போலிக், ஹெல்மன் இருவரும் 1978-இல் காட்டிய வழியில் அந்தக் கேள்வியையும் துண்டு துண்டாக உடைக்கலாம். நம் எண்ணில் தேட வேண்டிய இடங்கள் 2, 9, 7, 11, 31, 151, 331, எல்லாம் கூட்டினாலும் 542-தான். 214 கோடி வாய்ப்புகள் என்று பயமுறுத்திய பூட்டு 542 முயற்சிக்குள் திறந்துகொள்ளும். இந்த எண் இன்றைய பாதுகாப்புக்கு எப்படியும் மிகச் சிறியது என்பது வேறு விஷயம், எவ்வளவு பெரிய பகா எண்ணாக இருந்தாலும் இடப்பக்கம் இப்படி இருந்தால் இந்தக் கதிதான்.

அண்மையில் இந்த எண்ணுக்கு எதிர்பாராத ஒரு வேலையும் வந்தது. ஒரு நீண்ட கணக்கை யாரோ சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பதை, அதை மறுபடி செய்து பார்க்காமலே சரிபார்க்க உதவும் சான்று முறைகள் இப்போது பிரபலம். அவற்றுக்குள் ஒரு தொகுதியைப் பாதியாக, அதை மறுபடி பாதியாக என்று மடித்துக்கொண்டே போகும் ஒரு வேலை உண்டு. வழக்கமாக இதை இடப்பக்கத்து எண்ணை வைத்துச் செய்வார்கள், அதில் இரண்டு நிறைய இருக்க வேண்டும். நம் இடப்பக்கத்து எண்ணில் ஒரே ஒரு இரண்டுதான் இருக்கிறது, ஒரு மடிப்போடு சரி. ஆனால் மீதியெடுக்கும் கணக்கு இதில் இவ்வளவு வேகமாக நடப்பதால் இந்த எண்ணைக் கைவிடவும் மனமில்லை. 2024-இல் வந்த வட்ட ஸ்டார்க் என்ற முறை வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டது: இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 1 வரும் ஜோடிகளை, அதாவது இந்தக் கணக்கில் ஒரு ‘வட்டத்தின்’ மேலுள்ள புள்ளிகளை எண்ணினால் சரியாக 2³¹ இருக்கும். 7-இல் இதைக் கையாலேயே எண்ணலாம். 0-உம் 1-உம், 0-உம் 6-உம், இவற்றைத் திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு, அப்புறம் 2, 5 இரண்டையும் எப்படி ஜோடி சேர்த்தாலும் வரும் நான்கு. மொத்தம் எட்டு, 7-க்கு வலப்பக்கத்து எண்.

கடைசியாக ஒன்று. 7-ஆம் அடுக்கில் 127, 31-ஆம் அடுக்கில் 2147483647, 127-ஆம் அடுக்கில் லூகாஸின் எண் என்று மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்தால் மீண்டும் பகா எண் வருவதைப் பார்த்து, எப்போதும் இப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். 2¹³ − 1 ஆன 8191-லேயே அது பொய்த்துவிட்டது. சரி, 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1 என்பது 64 கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும் எண். ஆனால் அதற்கு ஒரு காரணி தெரியும், 295257526626031. இதைச் சரிபார்க்க 64 கோடி இலக்கங்களை எழுத வேண்டியதில்லை, இரண்டில் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே மீதி எடுத்தால் முப்பது சொச்சம் படிகளில் முடிந்துவிடும். அதன் இடப்பக்கத்து எண்ணைப் பாருங்கள்: 295257526626030 = 2 × 68745 × 2147483647.